பலகையில் என் பெயரை நானே எழுதினேன்

பெயர் ராட்னி நியமெலா. வயது அறுபத்தொன்று. தகப்பனார் ஆர்வோ நியமெலா, காலமாகிவிட்டார். விலாசம் பழைய ரயில்பாதைச் சாலை, எண் 418, அகேட் துறை. தொழில், காகித ஆலையின் இரண்டாம் எண் இயந்திரத்தில் காகிதம் சுருட்டும் பிரிவு, முப்பத்தெட்டு வருடம். தற்போது தொழில் இல்லை. அது யார் செய்த வினை என்பதுதான் தகராறு.

2013 டிசம்பர் 12, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஷெரிஃப் அலுவலகத்தில் துணை ஷெரிஃப் ஜோலீன் ஹர்மாலா முன்னிலையில் நானாக முன்வந்து இதைச் சொல்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று சொல்லப்பட்டது. வக்கீல் வைக்க வசதியிருந்தால் இந்த நாற்காலிக்கே நான் வந்திருக்க மாட்டேன் என்று பதில் சொன்னேன். ஆலைக்குச் சொந்தமான கரும்பலகையைத் திருடியதாகவும், ட்ராவிஸ் லபோன்ட் என்பவரை அவர் வீட்டு வாசலில் மிரட்டியதாகவும் என்மேல் புகார் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. புகாரைப் பிறகு படித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள்.

முதலில் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையில் வருடாவருடம் நவம்பர் மாதம் ஏதாவது ஒரு இயந்திரத்தை இரண்டு வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த இரண்டு வாரத்துக்குச் சிலரை லே-ஆஃப் செய்வார்கள், அதாவது வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். விதிப்படி கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே போக வேண்டும். ஆனால் நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்குகிறது. அன்றைக்கு ஆலைக்குள் நிற்க ஆசைப்படும் பழைய ஆள் இந்த ஊரில் பிறக்கவில்லை. ஆகவே கார்டு அடிக்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். எத்தனை பேர் போக வேண்டும் என்று ஃபோர்மேன் மேலே எழுதுவார். போகச் சம்மதிக்கும் பழைய ஆட்கள் அவரவர் பெயரைச் சாக்கட்டியால் கீழே எழுதுவார்கள். எத்தனை பழைய பெயர் விழுகிறதோ அத்தனை புது ஆட்கள் வேலையில் நிற்பார்கள். யாருக்குப் பதிலாக யார் என்பதை ஃபோர்மேன் பக்கத்திலேயே எழுதிவிடுவார். பழையவன் காட்டுக்குப் போவான், புதியவன் சம்பளம் வாங்குவான், ஆலை மாநில அரசுக்கு அனுப்பும் தாளில் காரணம் 'வேலைக் குறைவு' என்றிருக்கும், வீட்டிலிருக்கும் நாளுக்கு வேலையின்மை உதவி வரும். நான் பதினேழு தடவை என் பெயரை அதில் எழுதியிருக்கிறேன். எழுத்தில் ஒரு காகிதம் கொடு என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. காகிதம் செய்கிற இடத்தில் காகிதம் கேட்கத் தோன்றாமல் போனது என் முட்டாள்தனம்.

இந்த இடத்தில் நான் துணை ஷெரிஃபைப் பார்த்து, "உங்கப்பா பட் ஹர்மாலா பேரையும் அந்தப் பலகையில நான் பாத்திருக்கேனே ஜோலீன், எனக்கு மேலயே எழுதுவாரே" என்றேன். "எங்கப்பாவை விட்டுடுங்க ராட். நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். இதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

இந்த வருடம் ஏப்ரலில் ஆலை கைமாறியது. தெற்கே ஏதோ ஒரு நகரத்திலிருந்து புது முதலாளிகள் வாங்கினார்கள். அவர்களை நாங்கள் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் மனிதவள மேலாளர் க்ரெய்க் பென்டன் என்பவரைத்தான். அக்டோபர் 28 அன்று, இரண்டாம் எண் இயந்திரம் மறு அறிவிப்பு வரும்வரை நிற்கும், பதினான்கு பேர் போக வேண்டும் என்று சொன்னார்கள். ஃபோர்மேன் வழக்கம்போலப் பலகையில் பதினான்கு என்று எழுதினார். கடைசியாகச் சேர்ந்த பதினான்கு பேரில் மூத்தவன் ட்ராவிஸ் லபோன்ட். வயது இருபத்தொன்பது. அவனுக்குச் சுருட்டும் வேலையை நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவன் மனைவி கிரிஸ்டலுக்கு ஜனவரியில் பிரசவம். மருத்துவக் காப்பீடு ஆலை வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அதுவும் போகும்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் ட்ராவிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பேஸ்டியை, அந்த இறைச்சி அப்பத்தை, பிரிக்கவே இல்லை. "பெருசு, நான் ஒண்ணும் கேக்கல" என்றான். "கேக்காத ஆளு மூஞ்சியை இப்படியா வெச்சிருப்பான்? சாப்பிடுடா, ஆறிப்போவுது" என்றேன். அதன் பிறகு எழுந்து போய்ப் பலகையில் என் பெயரை எழுதினேன். ஃபோர்மேன் அதற்கு நேராக 'ட்ராவிஸ் நிற்கிறான்' என்று எழுதினார். ட்ராவிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான், விடவே இல்லை.

என்னைத் தியாகி என்று யாரும் எழுத வேண்டாம். எனக்கும் கணக்கு இருந்தது. மாநில உதவி இருபத்தாறு வாரம் வரை கிடைக்கும். நவம்பர் முதல் வாரத்திலிருந்து எண்ணினால் அது மே மாதம் முடியும். மே ஆறாம் தேதி எனக்கு அறுபத்திரண்டு முடிகிறது, அன்றிலிருந்து முதியோர் ஓய்வூதியம் வாங்கலாம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சரியாக ஒரு பாலம். அதோடு ஒரு முழு வேட்டைக் காலம். என் மனைவி டோரீனிடம் சொன்னபோது, "கையெழுத்து ஏதாச்சும் வாங்கினியா?" என்று கேட்டாள். "பலகையில எழுதியாச்சுடி" என்றேன். அவள் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு நவம்பர் 4 அன்று ஊர் நூலகத்துக் கணினியில் உதவிக்கு விண்ணப்பித்தேன். முதல் கடிதம் வந்தது. கடந்த காலச் சம்பளப்படி இருபத்தாறு வாரத்துக்கும் தகுதி உண்டு என்று இருந்தது. அதை டோரீன் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள். நவம்பர் 18 அன்று இரண்டாவது கடிதம் வந்தது. வேலையைத் தாமாகவே விட்டவர், அதற்குத் தக்க காரணம் இல்லை, ஆகவே தகுதியில்லை என்று இருந்தது. கடிதம் வந்தபோது நான் வேட்டைக் குடிசையில் இருந்தேன். இந்த வருடம் ஒரு மானும் சுடவில்லை. டோரீன் பதினெட்டு மைல் வண்டியோட்டி வந்து கடிதத்தைக் கொடுத்தாள். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்ததை அவளே எடுத்துவிட்டிருந்தாள்.

அதன் பிறகு கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டேன், பிறகு அழைப்பு தானாகவே அறுந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண் பேசினாள். "நீங்க விருப்பப்பட்டு விட்டதாத்தான் கம்பெனி எழுதியிருக்காங்க சார்" என்றாள். "விருப்பப்பட்டு விடறதுக்கு நான் என்ன சிகரெட்டாம்மா விட்டேன்?" என்றேன். அவள் சிரித்தாள், நல்ல பெண்தான். மேல்முறையீடு செய்யுங்கள், ஆனால் தீர்ப்பு வரும்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாராந்திரக் கேள்விகளுக்குப் பதில் பதிந்துகொண்டே இருங்கள், ஒரு வாரம் தவறினாலும் அந்த வாரம் போனதுதான் என்றாள். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் பதிந்தேன். இந்த வாரம் வேலை செய்யத் தயாராக இருந்தீர்களா? இருந்தேன். எந்த வேலையையாவது மறுத்தீர்களா? இல்லை. வாரம் மூன்று இடத்தில் வேலை கேட்க வேண்டும் என்பது விதி. பெட்ரோல் பங்கில் கேட்டேன், பனிச்சறுக்கு மலையில் கேட்டேன், முதியோர் விடுதியில் கேட்டேன். விடுதியில் இருந்த பெண், "தங்கறதுக்கு இடம் கேட்டு வந்தீங்களா?" என்று விசாரித்தாள். மாநிலத்தின் கணினி என் அனுபவத்துக்குப் பொருத்தமான இடம் என்று ஒவ்வொரு வாரமும் முதலில் காட்டியது அதே காகித ஆலையைத்தான். தொழிற்சங்கத்தில் முறையிட்டேன். எட்டு மாதம் ஆகும் என்றார்கள். எட்டு மாதம் கழித்து எனக்கு இந்த உதவியே தேவைப்படாது.

அதன் பிறகு டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தொலைபேசியில் மேல்முறையீட்டு விசாரணை நடந்தது. வீட்டு இணைப்பை நவம்பரிலேயே துண்டித்துவிட்டோம். வீட்டில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. ஆகவே ஆலைக்கு எதிரே சங்கக் கட்டட வாசலில் என் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து பேசினேன். குளிரில் உதறக்கூடாது என்பதற்காக டோரீன் வெந்நீர்ப் பை கொடுத்தனுப்பியிருந்தாள். நடுவர் ஒரு பெண்மணி. எல்லோரையும் உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னார். நான் பலகை வழக்கத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"மிஸ்டர் நியமெலா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றார். "பேரு எழுதச் சொல்லி கம்பெனி கேட்டு நீங்க எழுதியிருந்தா அது லே-ஆஃப். யாரும் கேக்காம நீங்களா போயிருந்தா அது ராஜினாமா. அந்தப் பலகை இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா. இங்கேருந்து கல்லை விட்டெறிஞ்சா அதுமேல விழும்" என்றேன்.

அடுத்துக் க்ரெய்க் பென்டன் பேசினார். "அப்படி ஒரு பலகை எங்க ஆலையில கிடையாதுங்க. லே-ஆஃப் எல்லாம் கம்ப்யூட்டர்ல வரிசைப்படி. இவர் வந்து போறேன்னார், இடம் காலியாச்சு, அதனால அந்தப் பையனை நிறுத்திக்கிட்டோம்" என்றார். சாட்சி இருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகு சாட்சியாக ட்ராவிஸ் லபோன்ட் வந்தான். ஒரு தடவை இருமினான். பின்னால் ஒன்றாம் எண் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மேலாளர் அறையில் மட்டும்தான் அந்தச் சத்தம் அப்படி அமுங்கிக் கேட்கும். "பலகைன்னு எதுவும் எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றான். அவனிடம் ஏதாவது கேட்கிறீர்களா என்று நடுவர் என்னிடம் கேட்டார்.   இல்லை என்றேன்.

நடுவர் நல்லவர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை விசாரணைப் பதிவை மூடாமல் வைத்திருப்பதாகவும், பலகைக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் அதற்குள் ஃபேக்ஸில் அனுப்பலாம் என்றும் சொன்னார். அதைப் பென்டனும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் சுவரில் அந்தப் பலகை இருக்காது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அதன் பிறகு மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில், மரக்கிடங்குப் பக்கத்துக் கதவு வழியாக ஆலைக்குள் போனேன். அந்தக் கதவின் தாழ்ப்பாள் பத்து வருடமாக விழுவதில்லை. பலகை அதே இடத்தில் இருந்தது. பதினான்கு என்ற எண், அதன் கீழே என் பெயர், நேராக 'ட்ராவிஸ் நிற்கிறான்', எல்லாம் அப்படியே இருந்தன. என் கைக்கத்தியில் உள்ள திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். திருகாணிகளைக் கடிகாரத்தின் மேல் வைத்தேன், அவற்றை எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் வரிசையில் நின்று கார்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அவர் யார் என்று கேட்டீர்கள். வெயில் கண்ணில் பட்டதால் தெரியவில்லை. டிசம்பரில் இந்த ஊரில் ஏது வெயில் என்று துணை ஷெரிஃப் கேட்டார். என் பதில் அதுதான்.

நேராக ட்ராவிஸ் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் கேட்டீர்கள். என்னிடம் இருப்பது மூடித் திறக்கும் பழைய போன், அதில் படம் எடுக்க வராது. ட்ராவிஸிடம் நல்ல போன் இருக்கிறது. தன் பெயரைத் தன் கண்ணால் பார்த்தால் மனம் மாறுவான், அவன் போனிலேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவ்வளவு பொய் கேட்ட பிறகும் அப்படி நினைத்தேன். அவன் வீடு பன்னிரண்டு மைல். பலகையை வண்டியின் பின்தட்டில், எழுத்து மேலே தெரியும்படி போட்டேன். கோபத்தில் தார்ப்பாய் போடவில்லை. ஏரிப் பக்கமிருந்து ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேரும் முன்பே ட்ராவிஸ் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். கதவைத் திறந்தவள் கிரிஸ்டல். நிறைமாத வயிறு. "ராட், என்ன இந்தப் பனியில? உள்ள வாங்க" என்றாள். ட்ராவிஸ் பின்னாலேயே வந்தான். நான் பலகையை இறக்கி, வாசற்படியில் சாய்த்து, மேலே படிந்திருந்த பனியைக் கையால் வழித்தேன். பனியோடு எழுத்தும் போயிருந்தது. வழித்த கையில் வெள்ளைத் தண்ணீர் வடிந்தது. நாற்பது வருடம் பனியில் வண்டி ஓட்டியவன் நான். சாக்கட்டி ஈரத்தில் நிற்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, பெருசு" என்றான் ட்ராவிஸ். கேலியாகச் சொல்லவில்லை. அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதி. கேலியாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன்.

"என்ன பலகை அது?" என்று கிரிஸ்டல் கேட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவன் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நான் ஆலையை விட்டது எனக்கு வயதாகிவிட்டதால் என்று அவள் நினைத்திருந்தாள். நன்றி சொல்லும் அட்டை ஒன்றும் வராதது ஏன் என்று டோரீன் இரண்டு தடவை கேட்டிருந்தாள்.

"உன் புருஷனைக் கேளும்மா" என்றேன். ட்ராவிஸிடம், "ஒரு நாள் உன் பேரையும் நீயே எழுதுவடா" என்றேன். இதைத்தான் மிரட்டல் என்று எழுதியிருக்கிறார்கள் போலும். அது மிரட்டல் இல்லை. அந்த ஆலையில் நிற்கும் எவனுக்கும் நடக்கப்போவதைச் சொன்னேன். கை ஓங்கவில்லை, படியேறவில்லை. கிரிஸ்டலிடம் கேளுங்கள், அவள் பொய் சொல்ல மாட்டாள். அதன் பிறகு பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கொட்டகையில் வைத்தேன். டோரீனிடம், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.  அவள் வீட்டுச் சூட்டை இரண்டு புள்ளி குறைத்துவிட்டு, இன்னொரு போர்வையை எடுத்துக் கொடுத்தாள். இன்று காலை எட்டு மணிக்குத் துணை ஷெரிஃப் வந்து பலகையைக் கைப்பற்றினார். கைப்பற்றும்போது அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்று குறித்துக்கொண்டார். அது சரிதான்.

இதுவரை சொல்லி முடித்த பிறகு, துணை ஷெரிஃப் புகாரைப் படித்துக் காட்டினார். நேற்று, அதாவது டிசம்பர் 11 அன்று, மனிதவள மேலாளர் க்ரெய்க் பென்டன் கையெழுத்திட்டுக் கொடுத்தது. 'ஆலைக்குள் கார்டு அடிக்கும் கடிகாரத்தின் இடதுபுறம் பல வருடங்களாகப் பொருத்தப்பட்டிருந்ததும், லே-ஆஃப் செல்லும் பணியாளர்கள் தங்கள் பெயரை எழுதப் பயன்படுத்துவதுமான, நான்கடிக்கு மூன்றடி அளவுள்ள கரும்பலகை' என்று அதில் இருந்தது.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு மீதியையும் படித்தார்.

ஆகவே நான் சொல்வதாவது. பலகையைத் திருடியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். எங்கிருந்து எடுத்தேன் என்பதையும், புகாரில் அது எப்படி வர்ணிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒரு எழுத்துக் குறையாமல் எழுதிக்கொள்ளுங்கள். அபராதமோ சிறையோ நீதிபதி கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை சத்தியம் செய்து இல்லை என்று சொன்ன பலகை, புதன்கிழமை கொடுத்த புகாரில் திருடு போயிருக்கிறது. அந்தப் புகாரின் நகலும் இந்த வாக்குமூலத்தின் நகலும் எனக்கு வேண்டும். நாளை ஐந்து மணிவரை அவகாசம் இருக்கிறது.

ட்ராவிஸைப் பற்றித் துணை ஷெரிஃப் கேட்டார். "இது ஃபேக்ஸுல போச்சுன்னா அவன் சொன்னதும் பொய்ச் சத்தியமாயிடும் ராட். வேலையும் போவும். அந்தப் பொண்ணுக்கு ஜனவரியில பிரசவம். தெரியும்ல?" என்றார். தெரியும். அது தெரிந்துதான் அக்டோபரில் என் பெயரை எழுதினேன். இப்போதும் தெரிந்துதான் அனுப்புகிறேன். முதல் தடவை செய்தபோது மனம் நிறைந்திருந்தது. இந்தத் தடவை ஒன்றும் இல்லை. எனக்கு இருபத்தாறு வாரம் வேண்டும்.

 துணை ஷெரிஃப் எழுந்து போய் நகல் எடுத்துவந்தார். ஃபேக்ஸ் இயந்திரம் வலதுபக்க அறையில் இருக்கிறது என்றும் சொன்னார். இதை எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொன்னேன்.

மேலே கண்டவை யாவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கதவு பிடித்தவரைப் பற்றிச் சொன்ன ஓர் இடம் தவிர எல்லாம் உண்மை. இதன் அடியிலும் என் பெயரை நானே எழுதுகிறேன்.

(ஒப்பம்) ராட்னி நியமெலா

என் முன்பாக: ஜோலீன் ஹர்மாலா, துணை ஷெரிஃப். பட் ஹர்மாலாவின் மகள். பின்குறிப்பு, என் கைப்பட: கடிகாரத்துக்கு இடதுபுறம் மேற்படி பலகையை நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.